மரச்சட்டத் தடுப்புச் சுவருக்குப் பலகை அடித்தல்: முழுமையான வழிகாட்டி

வீட்டின் நீண்ட கூடத்தையோ மாடி அறையையோ மரச்சட்டம் நிறுத்தி இரண்டாகப் பிரித்து, அந்தச் சட்டத்தின் இரு பக்கமும் பிளைவுட் அல்லது பைன் பலகை அடிக்கும் முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேலூரில் சிகிச்சைக்கு வருவோரின் உடன் தங்குபவர்களுக்கும், காட்பாடிப் பக்கம் படிக்க வரும் மாணவர்களுக்கும் மாடியை வாடகைக்கு விடுகிறவர்கள் இந்த வேலையை அடிக்கடி செய்கிறார்கள். மாடியில் செங்கல் சுவர் எழுப்பினால் அதன் பாரத்தைத் தாங்க அடியில் உத்தரம் இருக்கிறதா என்று பொறியாளரைக் கேட்க வேண்டியிருக்கும். மரத்தடுப்புக்கு அந்தக் கவலை குறைவு.

சத்துவாச்சாரியில் என் வீட்டுத் தடுப்பை ஒருமுறை தவறாக அடித்து, கழற்றி, மறுபடி அடித்தேன். அதற்குப் பிறகு உறவினர், அண்டை வீட்டார் என்று ஐந்து வீடுகளில் இந்த வேலைக்கு உடனிருந்தேன். பலகையை அடிக்கும்போது வெளிப்பட்ட பிழைகளில் பெரும்பாலானவை, சட்டம் நிறுத்துவதற்கு முன்பே செய்யப்பட்டவை. எனவே இந்த வழிகாட்டியில் பாதி, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது.

அடுப்புக்குப் பின்புறமும் குளியலறை உட்புறமும் இந்த முறை பொருந்தாது. கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் எந்தச் சுவரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை நிறுத்தக் கூடாது.

1. சட்டத்துக்கு முன் பலகையைத் தீர்மானித்தல்

நம் ஊரில் வழக்கமாக ஆசாரி வந்து அறையை அளந்து, இரண்டடிக்கு ஒன்றாகச் சட்டத்தை நிறுத்திவிட்டுப் போவார். என்ன பலகை என்பது அதற்குப் பிறகுதான் பேசப்படும். இந்த வரிசை தலைகீழானது. சட்டங்களுக்கு இடையிலான தூரத்தைத் தீர்மானிக்க வேண்டியது பலகையின் அகலமும் தடிமனும்தான், அறையின் நீளம் அல்ல.

பிளைவுட் ஷீட்டின் வழக்கமான அளவு 8 அடிக்கு 4 அடி. 9 மி.மீ. தடிமன் என்றால் சட்டங்களின் மையத்துக்கு மையம் 16 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. 12 மி.மீ. என்றால் 2 அடி வரை போகலாம். ஆனாலும் 16 அங்குலமே நல்லது என்பது என் கருத்து. 4 அடி என்பது 48 அங்குலம். அதில் 16 மூன்று முறை மிச்சமின்றி அடங்கும். 6 மி.மீ. பிளைவுட்டை இரண்டடி இடைவெளியில் அடித்த சுவர், கை பட்டாலே தவில் போல ஒலிக்கும். ஓர் ஆண்டுக்குள் சட்டங்களுக்கு நடுவே அலை அலையாக வளைந்தும் போகும்.

பைன் பலகையைக் கிடைமட்டமாக அடிப்பதானால் நிற்கும் சட்டங்களே போதும். செங்குத்தாக அடிப்பதானால் இரண்டடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம் வேண்டும். நிற்கும் பலகையும் நிற்கும் சட்டமும் ஒரே திசையில் ஓடுவதால், பெரும்பாலான பலகைகளுக்குப் பின்னால் ஆணி பிடிக்க மரமே இருக்காது. பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தவர்களை இரண்டு வீடுகளில் பார்த்தேன்.

2. மாடிப்படியை அளத்தல்

கடைக்குப் போவதற்கு முன் மாடிப்படியை அளந்துவிடுங்கள். மூன்றடி அகலப் படி, நடுவில் திரும்பும் இடம், மேலே தாழ்ந்த உத்தரம் என்று இருக்கும் வீட்டில் 8க்கு 4 ஷீட் திரும்பாது. பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒட்டி அதே அளவில் ஒரு மாதிரி செய்து, ஏற்றிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏறாது என்றால் இரண்டு வழிகள் உண்டு. பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றலாம். 12 மி.மீ. ஷீட் ஒன்று சுமார் 25 கிலோ இருக்கும். காற்று அடித்தால் அது கப்பல் பாய்தான், எனவே மேலே இருவரும் கீழே ஒருவரும் இல்லாமல் இறங்காதீர்கள், மின்கம்பி அருகே செல்லும் பக்கத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். இல்லாவிட்டால் கடையிலேயே நீளவாக்கில் வெட்டி 8க்கு 2 ஆக வாங்கலாம். அப்படி வாங்கினால் இணைப்பு ஒவ்வோர் இரண்டடிக்கும் வரும். 16 அங்குல இடைவெளி அதற்குப் பொருந்தாது, சட்டங்களை 12 அங்குலத்துக்கோ 24 அங்குலத்துக்கோ மாற்ற வேண்டும். படியின் அளவு சட்டத்தின் அளவை மாற்றுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு முன்னால் வைத்தேன்.

3. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சட்டத்துக்கு 3 அங்குலத்துக்கு 1½ அங்குல மரம் போதும். 3 அங்குலம் சுவரின் தடிமனாகவும், 1½ அங்குலம் பலகை பதியும் முகமாகவும் வர வேண்டும். செலவைக் குறைக்க ஒரு அங்குல ரீப்பரை (மெல்லிய மரக்கட்டையை) நிறுத்துகிறவர்கள் உண்டு. இரண்டு ஷீட்டின் விளிம்புகள் ஒரே கட்டையில் பதிய வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலமே கிடைக்கும், ஸ்க்ரூ மரத்தின் ஓரத்தைப் பிளந்துவிடும்.

சாமில்லில் அறுத்த நாட்டு மரம் பல வேளைகளில் பச்சையாகவே வரும். ஈரம் பார்க்கும் கருவி இருந்தால் 12 சதவீதத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். கருவி இல்லையென்றால் ஓரடித் துண்டு ஒன்றை வெட்டி, சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை அதன் மேலேயே எழுதி, அறையில் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை தெளிவாகக் குறைந்திருந்தால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். காயும் மரம் முறுக்கிக்கொள்ளும். அடித்த பிறகு முறுக்கினால் பலகையையும் சேர்த்து இழுக்கும்.

பிளைவுட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதனுடன் உள்ள எண்ணையும் பாருங்கள். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டு பிளைவுட்டுக்கானது, ஐ.எஸ். 710 ஈரத்தைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கானது. உலர்ந்த மாடி அறைக்கு முதலாவதே போதும். குளியலறைச் சுவரை ஒட்டி வரும் ஷீட்டுக்கும் கீழ்த்தள அறைக்கும் இரண்டாவதை வாங்குவது வீண் செலவு ஆகாது.

ஷீட்டின் நான்கு விளிம்பிலும் கண்ணை ஓட்டுங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் உள்ளேயும் பொந்து இருக்கும், அங்கே ஸ்க்ரூ பிடிக்காது. விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தம் மாறும். அந்த ஷீட்டைத் தள்ளிவிடுங்கள். தடிமனை அளவுக் கருவியால் அளந்து பார்ப்பதை எந்தக் கடைக்காரரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் நாடா வைத்தால் ஒரே அளவு வர வேண்டும்; இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வித்தியாசம் இருந்தால் ஷீட் கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது.

ஸ்க்ரூவில் ஒரு எச்சரிக்கை. ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ மலிவாகக் கிடைக்கும். வேங்கை போன்ற கடின மரத்தில் அதன் தலை முறிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துத்தநாக முலாம் பூசிய சிப்போர்டு ஸ்க்ரூவே இதற்கு ஏற்றது, 12 மி.மீ. பலகைக்கு 1¼ அங்குல நீளம்.

4. பலகையை அறைக்குப் பழக்குதல்

வாங்கி வந்த பலகையை அன்றே அடிக்காதீர்கள். அடிக்கப் போகும் அறையிலேயே தரையில் நான்கு ரீப்பர் துண்டுகளைப் போட்டு, அவற்றின் மேல் ஷீட்டுகளைப் படுக்க வைத்து, பிளைவுட் என்றால் இரண்டு மூன்று நாளும் பைன் பலகை என்றால் ஒரு வாரமும் விட்டுவிடுங்கள். பைன் பலகை அடுக்குகளுக்கு நடுவே காற்று போகச் சிறு குச்சிகள் வைக்க வேண்டும். இடம் இல்லையென்று சுவரில் சாய்த்து வைத்தால் ஒரே வாரத்தில் வில்லாக வளையும். வளைந்ததை ஸ்க்ரூவால் இழுத்துப் பிடிக்கலாம் என்று நினைப்பது அந்த இறுக்கத்தைச் சுவருக்குள் பூட்டி வைப்பதாகும்.

5. ஓதமும் கரையானும்

தடுப்பு வந்து முட்டும் பழைய சுவரில் உப்புப் பூத்திருந்தாலோ சுண்ணாம்பு பொருக்காக உதிர்ந்தாலோ அங்கே ஓதம் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் மரத்தை ஒட்டி நிறுத்தினால் கரையானுக்கு இலை போட்டுப் பரிமாறியது போலாகும்.

நிலைப்படிக்குப் பின்னால், அலமாரி அடியில், தரையும் சுவரும் சேரும் மூலையில் மண் கோடு ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓடியிருந்தால் முதலில் வீட்டுக்கு மருந்து, பிறகு மரத்துக்கு. மரத்துக்கான கரையான் தடுப்பு மருந்தைச் சட்டத்தின் நான்கு முகத்திலும் இரண்டு கை பூச வேண்டும். பெரும்பாலோர் மறப்பது வெட்டு முகத்தை: ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் மரத்தின் நார்த்துளைகள் திறந்திருப்பதால் ஈரமும் பூச்சியும் முதலில் நுழைவது அங்கேதான். எனவே வெட்டிய உடனே முனையை மருந்து டப்பாவில் தோய்த்து எடுங்கள். கையுறை அணியுங்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

தரையில் படுக்கும் அடிச்சட்டத்தின் கீழே தார்த்தாள் அல்லது தடித்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றை விரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் அடிச்சட்டம் நேரே தரையில் இருந்தால் அது வாரம் ஒருமுறை குளிக்கும்.

6. சட்டத்தைச் சரிபார்த்தல்

இந்த ஒரு படிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நான் கெடுத்தது இங்கேதான், கழற்றியதும் இதனால்தான்.

சுவரை ஒட்டி நிற்கும் முதல் சட்டத்தின் மையத்திலிருந்து 16 அங்குலம் அளந்து இரண்டாவதையும், அதன் மையத்திலிருந்து மற்றொரு 16 அளந்து மூன்றாவதையும் நிறுத்தியிருந்தேன். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் ஷீட் தொடங்குவது முதல் சட்டத்தின் மையத்தில் அல்ல, சுவரில். சட்டத்தின் முகம் 1½ அங்குலம் என்பதால் அதன் மையம் சுவரிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளியிருக்கிறது. ஆகவே நான்காவது சட்டத்தின் மையம் 48¾ அங்குலத்தில் வந்தது, அதன் இந்தப் பக்க ஓரம் சரியாக 48 அங்குலத்தில் நின்றது. ஷீட்டின் விளிம்பும் 48 அங்குலம். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றனவே தவிர, ஒன்றின் மேல் ஒன்று ஒரு நூல் கூடப் பதியவில்லை. ஷீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆசாரியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அளவு சரிதான் சார், ஆரம்பிச்ச இடந்தான் தப்பு" என்றார் அவர்.

சரியான முறை இது. அளவு நாடாவின் கொக்கியைச் சுவரிலேயே வைத்து, இரண்டாவது சட்டத்தின் மையத்தை 16 அங்குலத்திலும் மூன்றாவதை 32 அங்குலத்திலும் குறியுங்கள். ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இடைவெளி விட வேண்டியிருப்பதால், இணைப்பு விழும் சட்டத்தின் மையம் 4 அடி ½ நூலிலும், அடுத்தது 8 அடி 1½ நூலிலும், அதற்கடுத்தது 12 அடி 2½ நூலிலும் வர வேண்டும். எல்லா அளவையும் அதே சுவரிலிருந்தே எடுங்கள். சட்டத்திலிருந்து சட்டத்துக்கு அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு முறையும் விடும் அரை நூல் பிழை கடைசியில் அங்குலமாகிவிடும்.

சட்டம் ஏற்கெனவே தவறான இடத்தில் நின்றுவிட்டது என்றால் அதைப் பிடுங்க வேண்டாம். அதன் பக்கத்தில் அதே அளவில் ஒரு துணைக் கட்டையை ஒட்டி நிறுத்தி, ஓரடிக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் இறுக்கினால் ஷீட் விளிம்புக்கு இடம் கிடைத்துவிடும். நான் அப்படித்தான் மீண்டேன்.

அடுத்தது உயரம். நம் வீடுகளில் தரையிலிருந்து தளம் வரை பெரும்பாலும் பத்தடி இருக்கிறது, ஷீட் எட்டடிதான். ஷீட்டைத் தரையிலிருந்து 4 நூல் உயர்த்தி அடிக்க வேண்டும் என்பதால், ஷீட்டின் மேல் விளிம்பு விழும் இடத்தில், தரையிலிருந்து 8 அடி 4½ நூலில் மையம் வருமாறு, ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் பொருத்துங்கள். நடு உயரத்தில் இன்னொரு வரிசை வைத்தால் சட்டங்கள் முறுக்காமல் நிற்கும். இந்த இரண்டு வரிசையும் இல்லாத தடுப்பில், மேல் இணைப்பு கை வைத்தால் உள்வாங்கும்.

பிறகு நேர்மை. தூக்குக்குண்டை ஒவ்வொரு சட்டத்திலும் இறக்கிப் பாருங்கள். இரு ஓரச் சட்டங்களிலும் ஆணி அடித்து, நூலை விறைப்பாகக் கட்டி, இடையிலுள்ள சட்டங்கள் நூலைத் தொடுகின்றனவா, தள்ளுகின்றனவா, விலகி நிற்கின்றனவா என்று கீழே, நடுவே, மேலே மூன்று உயரத்திலும் சோதியுங்கள். புடைத்திருப்பதை இழைப்புளியால் சீவுங்கள். உள்வாங்கியதன் மேல் மெல்லிய பிளைவுட் கீற்றை ஒட்டிப் பேக்கிங் கொடுங்கள். ஒரு நூல் அளவு வித்தியாசம் வரை விட்டுவிடலாம், அதற்கு மேல் விட்டால் விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது சுவரில் நிழல் தெரியும்.

7. மூடுவதற்கு முன் உள்ளே முடிக்க வேண்டியவை

முதலில் ஒரு பக்கத்தை மட்டும் மூடி, உள்வேலைகளை முடித்து, பிறகு மறுபக்கத்தை மூடுவதே வரிசை. இரு பக்கமும் திறந்திருக்கும்போது மின்குழாய் ஓட்டினால் சுவிட்ச் பெட்டி நிற்கும் ஆழம் தெரியாது.

மின்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். ஆனால் மூன்று விஷயங்களை நீங்களே நின்று பார்க்க வேண்டும். கம்பி வெறுமனே ஓடாமல் குழாய்க்குள் ஓட வேண்டும். கம்பியின் எந்த இணைப்பும் பலகைக்குப் பின்னால் மறையாமல் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். குழாய்க்காகச் சட்டத்தில் இடும் துளை 3 அங்குலத் தடிமனின் நட்ட நடுவில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் 1¼ அங்குல ஸ்க்ரூ குழாயைத் தொடாது. துளை ஓரமாகப் போய்விட்ட இடத்தில் சட்டத்தின் முகத்தில் ஒரு இரும்புத் தகட்டை அறைந்துவிடுங்கள், ஸ்க்ரூ அதில் முட்டி நின்றுவிடும்.

தொலைக்காட்சி, திரைக்கம்பி, சாமி படம், துணி மாட்டும் கொக்கி இவை எங்கே வரும் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு, அந்த உயரத்தில் 18 மி.மீ. பிளைவுட் துண்டையோ குறுக்குக் கட்டையையோ இப்போதே பொருத்துங்கள். மூடிய பிறகு கேட்பதில் பயனில்லை, ஆனால் மூடிய பிறகுதான் எல்லோருக்கும் நினைவு வரும்.

பேச்சுச் சத்தம் குறைய வேண்டுமானால் சட்டங்களுக்கு நடுவே ராக் வூல் (பாறை இழை) பலகையைச் செருகலாம். கையுறையும் முகக்கவசமும் வேண்டும். சிலர் தெர்மாகோல் வைக்கிறார்கள். அது சத்தத்தைத் தடுக்காது, தீயும் எளிதில் பிடிக்கும்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு சட்ட இடைவெளியையும், அளவு நாடாவைத் தரையிலிருந்து விரித்து வைத்தபடியே, கைப்பேசியில் படம் எடுங்கள். ஏ.சி. குழாய் நுழையும் துளை போன்றவற்றைச் சுற்றி அடைத்துவிடுங்கள். பலகைகளுக்கு நடுவே எலி ஒன்று செத்துப்போன வீட்டில் நான் இருந்திருக்கிறேன். அந்தப் பலகையைக் கழற்றிய பிறகுதான் அவர்கள் அந்த அறையில் தூங்கினார்கள்.

8. முதல் ஷீட்

முதல் ஷீட்டைப் பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். பூச்சுச் சுவர் எட்டடி உயரத்தில் அரை அங்குலம் சாய்ந்திருப்பது சாதாரணம். ஷீட் அந்தச் சாய்வைப் பின்பற்றினால் மூன்றாவது ஷீட் சட்டத்தை விட்டே விலகிவிடும். தூக்குக்குண்டு காட்டும் நேர்க்கோட்டில் ஷீட்டை நிறுத்தி, பென்சில் துண்டு ஒன்றைச் சிறு மரக்கட்டையோடு சேர்த்துப் பிடித்து, கட்டை சுவரைத் தொட்டபடியே மேலிருந்து கீழாக இழுத்து, சுவரின் சாய்வை ஷீட்டின் மேல் கோடாக வரைந்து, அந்தக் கோட்டில் சீவி எடுங்கள். சீவும் அளவுக்கு ஷீட்டின் அகலம் குறையும். மறு விளிம்பு இன்னமும் சட்டத்தின் மையத்தில் பதிகிறதா என்று பார்த்த பிறகே அடியுங்கள். பதியவில்லை என்றால் அங்கும் துணைக் கட்டைதான் மருந்து.

வெட்டும்போது ஷீட்டின் எந்த முகம் மேலே இருக்க வேண்டும் என்பது ரம்பத்தைப் பொறுத்தது. கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே கிழிப்பதால் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். கைரம்பத்துக்கு நல்ல முகம் மேலே. கோட்டின் மேல் டேப் ஒட்டி வெட்டினால் சிலாம்பு குறையும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று முன்பே பார்த்துக்கொண்டு ரம்பத்தை வாடகைக்கு எடுங்கள்; காலையில் எடுத்துவந்து மதியம் வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

ஷீட்டின் கீழே 4 நூல் உயரமுள்ள இரண்டு மரத்துண்டுகளை வைத்து, அவற்றின் மேல் ஷீட்டை நிறுத்துங்கள். அடித்து முடிந்ததும் துண்டுகளை உருவிவிடலாம். அந்தச் சந்து பின்னர் தரையோரம் ஒட்டும் ஓட்டுப் பட்டைக்குள் மறைந்துவிடும், தரை கழுவும் தண்ணீரும் பிளைவுட்டின் விளிம்பை எட்டாது.

9. ஸ்க்ரூ அடிக்கும் வரிசை

ஷீட்டின் நடுவிலுள்ள சட்டங்களில் தொடங்கி ஓரங்களை நோக்கிப் போக வேண்டும். நான்கு மூலையையும் முதலில் இறுக்கிவிட்டால் நடுவில் இருக்கும் வீக்கத்துக்குப் போக இடமில்லாமல் அது அங்கேயே நின்றுவிடும்.

விளிம்புகளில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் 12 அங்குலத்துக்கு ஒன்று. விளிம்பிலிருந்து 3 நூல் உள்ளே அடியுங்கள். அதைவிட ஓரத்தில் அடித்தால் அடுக்கு பிரியும். சட்டங்களின் மையக்கோட்டை ஷீட்டின் மேல் பென்சிலால் இழுத்துக்கொண்ட பிறகே அடிக்கத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பாதி ஸ்க்ரூ வெற்றிடத்தில் சுழலும். கடின மரம் என்றால் முன்துளை இடுங்கள். ஸ்க்ரூவின் தலை பலகையின் மட்டத்துக்குக் கால் நூல் கீழே அமர்ந்தால் போதும், முகப்பு அடுக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனால் பிடிப்பு போய்விடும்.

சட்டத்தின் முகத்தில் மரப்பசையை ஒரு கோடாக விட்டு அடித்தால் தவில் சத்தம் பெரிதும் குறையும். குழாயோ கம்பியோ ஓடும் ஒரு பகுதியை மட்டும் பசை இல்லாமல் ஸ்க்ரூவால் மட்டுமே பிடித்து வையுங்கள். பின்னாளில் திறக்க வேண்டி வந்தால் அந்த ஒரு துண்டு மட்டும் கழன்று வரும்.

10. சுவிட்ச் பெட்டி, கதவு, மேல் துண்டு

முதன்மை சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியின் விளிம்பில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்து, ஷீட்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தி எடுத்தால் பின்புறத்தில் பெட்டியின் வடிவம் பதிந்திருக்கும். அதை அளந்து வெட்டுவதைவிட இது துல்லியமானது. பெட்டியின் வாய் பலகையின் முகத்தோடு சமமாக வர வேண்டும்.

கதவைச் சுற்றி அடிக்கும்போது ஷீட்டின் இணைப்பு கதவின் மேல் மூலைக்கு நேராக வரக் கூடாது. கதவை அறைந்து சாத்தும் ஒவ்வொரு முறையும் அதிரும் இடம் அந்த மூலை. அங்கே இணைப்பு இருந்தால் முதல் கோடைக்குள் விரிசல் விழும். ஷீட்டைக் கதவின் மேல் பாதி வரை நீட்டி, மூலையை உள்ளே வெட்டி எடுத்து, இணைப்பைக் கதவின் நடுவில் விழச் செய்யுங்கள். இதில் கொஞ்சம் பலகை வீணாகும்.

பத்தடி உயரத்துக்கு மேல் துண்டின் அளவு 1 அடி 11 அங்குலம் 1 நூல் வரும். கீழே 4 நூல், இணைப்பில் 1 நூல், தளத்தை ஒட்டி 2 நூல் என்று விட்டது போக மிஞ்சுவது அது. ஒரு ஷீட்டில் இப்படி நான்கு துண்டுகள் கிடைக்கும். ஆகவே முழு ஷீட் நான்குக்கு ஒன்று வீதம் கூடுதலாக வாங்கினால் கணக்கு சரியாகும். தளத்தை ஒட்டி விடும் 2 நூலை விடாமல் இறுக்கி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தளம் சூடேறி விரியும், இரவில் சுருங்கும். அந்த அசைவு பலகையைத் தள்ளாமலிருக்கவே இந்தச் சந்து. பெயிண்ட் ஏற்கும் சீலண்ட்டால் அதை நிரப்பிக்கொள்ளலாம்.

11. பைன் பலகை அடிப்பவர்களுக்கு

பிளைவுட் ஈரத்துக்கு அதிகம் அசையாது, ஒட்டாத முழுமரப் பலகை அசையும். நான்கு அங்குல அகலப் பலகை ஒன்று மழைக்கும் கோடைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மி.மீ. அகலம் மாறக்கூடும். பத்தடிச் சுவரில் அப்படி முப்பது பலகைகள் என்றால் மொத்தம் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஓர் அங்குலத்துக்கு எங்காவது இடம் இருக்க வேண்டும்.

மே மாதத்தில் அடித்தால் பலகை முழுக்க உலர்ந்து சுருங்கியிருக்கும். நாக்கும் காடியும் சேரும் இடத்தில் பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை இடையில் வைத்து, அதன் தடிமன் அளவுக்குச் சந்து விட்டு அடியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடித்தால் பலகை ஏற்கெனவே ஊதியிருக்கும். அப்போது சந்தின்றி நெருக்கி அடிக்கலாம், கோடையில் தானே இடைவெளி விழும். இரண்டையும் தவிர்த்து, பொங்கலுக்குப் பிறகு மார்ச்சுக்குள் அடிப்பது சுலபம்.

பலகையின் இரு முகத்திலும், நாக்கிலும்கூட, அடிப்பதற்கு முன்பே ஒரு கை வார்னிஷ் பூசிவிடுங்கள். முன்முகம் மட்டும் பூசப்பட்ட பலகை பின்முகத்தால் ஈரத்தை உறிஞ்சி ஓடு போலக் குவியும். மேலும், நாக்கு பூசப்படாமல் இருந்தால் கோடையில் பலகை விலகும்போது சுவர் முழுக்க வெள்ளைக் கோடுகள் தெரியும். இங்கே பசை வேண்டாம்: பசை போட்டால் பலகை அசைய முடியாமல் நடுவில் பிளக்கும். நாக்கின் வழியாகச் சாய்வாக ஒரே ஒரு ஆணி, ஒவ்வொரு சட்டத்திலும். அடுத்த பலகையின் காடி அந்த ஆணியை மூடிவிடும்.

12. இணைப்புகளும் பூச்சும்

பிளைவுட் இணைப்பைப் பட்டி பூசி மறைத்து, ஒரே சுவராகக் காட்ட வேண்டும் என்பது எல்லோருடைய விருப்பமும். இந்த ஊர் வெயிலில் அது நிற்பதில்லை. ஒரு நூல் சந்தை அப்படியே விட்டு, விளிம்புகளைச் சற்றே சரிவாகத் தேய்த்துக் கோடாகக் காட்டுங்கள், அல்லது மேலே ஒரு பீடிங் (மெல்லிய மரக்கீற்று) அடித்து மூடுங்கள். பீடிங்கை ஒரு பக்க ஷீட்டில் மட்டும் ஆணி அடித்துப் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் பிடித்தால் அது நடுவில் பிளக்கும்.

பூச்சுக்கு முன் ஸ்க்ரூத் தலைகளை மரப்பட்டியால் அடைத்து, உலர்ந்ததும் தேய்த்து, மறுபடி ஒருமுறை அடையுங்கள். முதல் முறை அடைத்தது உலரும்போது எப்போதும் சற்று உள்வாங்கும். பிரைமர் பூசிய பிறகு, விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் விடுபட்ட குழிகள் எல்லாம் தெரியும். தரையோரம் நான்கு அங்குல ஓட்டுப் பட்டையையோ பி.வி.சி. பட்டையையோ ஒட்டி, அதன் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே சிலிக்கான் இட்டு மூடுங்கள். சிலிக்கான் ஒரு நாள் முழுக்க உலர்ந்த பிறகே முதல் வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்ற வேண்டும்.